திரும்பி வந்தவர்கள்: மதுரைச் சீமையில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் தோன்றிய வரலாறு

 

மதுரை என்ற பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவன மீனாட்சியம்மை திருக்கோயிலும், சித்திரைத் திருவிழாவும், சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த பழம்புகழும் ஆகும். மல்லிகையையும் சுங்குடிச் சேலையையும் நினைப்பவர்களும் உண்டு. ஆனால் வைகையின் இரு மருங்கிலும் விரிந்து கிடக்கும் இச்சமவெளி, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் கொடுத்து வந்த நிலமும் ஆகும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. போருக்குப் போனவர்களைப் பற்றிப் பாடநூல்கள் பேசுகின்றன. போரிலிருந்து திரும்பி வந்தவர்களைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. எந்தப் போர் எந்த ஆண்டில் முடிந்தது என்று நாங்கள் வினாத்தாளில் கேட்டோம், நீங்களும் எழுதினீர்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய வீரன் மறுநாட் காலையில் எங்கே போனான், யாரிடம் தன் குறையைச் சொன்னான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பின்னர் எனக்கு உறுத்திய குறைகளுள் இதுவும் ஒன்று. அக்குறையைச் சிறிதேனும் தீர்த்துக்கொள்ளவே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

போரில் மாண்டவனைப் போற்றுவது தமிழருக்குப் புதியதன்று. நடுகல் நடுவதற்குரிய கல்லைக் காண்பது முதல் அதனை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. வைகையின் மேற்பள்ளத்தாக்கில், இன்று தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிக்கு அருகிலுள்ள புலிமான்கோம்பையில், 2006 ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுக்காக நடப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அக்கல் சிறியது.  பிற்காலத்தில் போரில் உயிர்நீத்தவனின் குடும்பத்துக்கு ஊரார் நிலம் விட்ட வழக்கமும் இருந்தது. அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். இறந்தவனுக்குக் கல்லும், அவன் குடும்பத்துக்கு நிலமும் கிடைத்தன. உயிரோடு திரும்பி, வயதாகி, கண் மங்கி, வேலைக்குத் தகுதியற்றுப் போனவனுக்கு என்ன கிடைத்தது என்பதே நம் கேள்வி.

கும்பினியார் காலத்தில் இக்கேள்விக்கு ஓரளவு விடை தேடப்பட்டது. மதுரையை ஆண்ட முகமது யூசுப்கான் சிப்பாய்ப் படையின் தளபதியாக உயர்ந்தவர். கும்பினியாரோடும் நவாபோடும் பகைத்துக்கொண்டு மதுரைக் கோட்டையில் நெடுநாள் முற்றுகையைத் தாங்கி நின்றவர். 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டவர். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கின்றது. அதற்கு ஆறாண்டுகளுக்குப் பின், 1770 இல், கும்பினிப் படையில் ஊனமுற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் உதவுவதற்காக கிளைவ் பிரபுவின் பெயரால் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. படைவீரனின் முதுமையைப் பற்றி அரசு கவலைப்பட வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு வேர்விட்டது. எனினும் அது மேலிருந்து கீழே வந்த கொடை. வீரர்கள் தாமே கூடித் தமக்கென அமைத்துக்கொண்டது அன்று.

வீரர்கள் தாமே கூடும் வழக்கத்துக்குப் பிற நாடுகளில் முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தது. அடுத்த ஆண்டே இல்லினாய்ஸ் மாநிலத்தில் டிக்கேட்டர் என்னும் ஊரில் வடபுலத்து வீரர்கள் ‘குடியரசின் பெரும்படை’ என்னும் சங்கத்தின் முதற்கிளையைத் தொடங்கினர். முதல் உலகப்போருக்குப் பின் 1919 இல் பாரிசு நகரில் அமெரிக்க வீரர்களின் புதிய சங்கம் ஒன்று பிறந்தது. பிரிட்டனில் தனித்தனியே இயங்கிய நான்கு அமைப்புகள் 1921 இல் ஒன்றாகி ‘பிரிட்டிஷ் லீஜியன்’ ஆயிற்று. இவை யாவும் சிறு கிளைகளின் தொகுப்பே ஆகும். பத்துப்பேர் கூடும் ஓர் அறை, ஒரு பேரேடு, ஒரு சந்தாப் பெட்டி ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு கிளை உண்டாகிவிடும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர்’ என்று பொறித்த கற்பலகைகளை நாட்டின் பல ஊர்களில் அரசினர் பதித்தனர். அப்பலகைகளில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இராது. 1919 ஆம் ஆண்டில் இந்தியப் படைவீரர் வாரியம் நிறுவப்பட்டது. அதன் கீழ் மாகாண வாரியங்களும் மாவட்ட வாரியங்களும் தோன்றின. மாவட்ட வாரியத்துக்குக் கலெக்டரே தலைவர். ஓய்வூதியம் தவறியவன், நிலத் தகராற்றில் சிக்கியவன், பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்ட முடியாதவன் ஆகியோர் மனுக் கொடுக்கவேண்டிய இடம் அது. வாரியம் என்பது அரசின் கை; சங்கம் என்பது வீரர்களின் கை. இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தமிழகத்து வீரர்களுக்கு அக்காலத்தில் மற்றொரு தடையும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடமேற்குப் பகுதி மக்களே போர்க்குணம் உடையவர்கள் என்னும் கொள்கை இராணுவ மேலிடத்தில் செல்வாக்குப் பெற்றது. சென்னைப் படையின் காலாட்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. முதல் உலகப்போருக்குப் பின் எஞ்சியிருந்தவையும் 1920களில் கலைக்கப்பட்டன. பாலம் கட்டியும் பாதை வெட்டியும் பெயர் பெற்ற சென்னைச் சாப்பர் படை மட்டும் நிலைத்து நின்றது. படைப்பிரிவே இல்லாமற் போனால் பழைய வீரர்கள் கூடுவதற்குரிய பெயரும் கொடியும் எங்கிருந்து வரும்? இரண்டாம் உலகப்போரின் நெருக்கடி வந்த பின்னரே, 1940களின் தொடக்கத்தில், சென்னைப் படைப்பிரிவு மீண்டும் எழுப்பப்பட்டது.

இனி நம் சீமைக்கு வருவோம். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பகுதியில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் குடிமக்கள், 1914 க்குப் பின் படிப்படியாகக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். ஆடவர்களின் பெயரும் கைரேகையும் காவல்நிலையப் பதிவேட்டில் ஏறின. இக்கொடுமையை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 இல் தான் நீங்கியது. இதனை இங்கே சொல்லக் காரணம் உண்டு. தம் பெயர் எழுதப்பட்ட ஒரே ஏடு காவல்நிலையத்து ஏடாக இருந்த ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளியே சென்றனர். சிலர் அரசின் படையில் சேர்ந்தனர். சிலர் பிழைப்புத் தேடி மலேயா சென்று அங்கே வேறொரு படையில் சேர்ந்தனர். பெயர் எங்கே, எதற்காக எழுதப்படுகிறது என்பது அவர்களுக்குச் சாதாரணக் காரியம் அன்று.

இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படை இருபத்தைந்து இலட்சம் பேராகப் பெருகியது. கட்டாயத்தால் அன்றித் தாமாகச் சேர்ந்தவர்களால் ஆகிய படை அது. சென்னை மாகாணத்திலிருந்து பெருந்தொகையினர் சென்றனர். வண்டியோட்டி, தந்தி இயக்குநர், எழுத்தர், மருத்துவ உதவியாளர், சாப்பர் எனப் பல தொழில்களைப் படையில் கற்றுத் திரும்பினர். 1945 க்கும் 1947 க்கும் இடையில் அவர்கள் கூட்டங் கூட்டமாக விடுவிக்கப்பட்டபோது, அவர்களுக்கு வேலை தேடித் தருவது பெருஞ்சிக்கலாயிற்று. மாகாண அரசு முன்னாள் படைவீரர்களுக்கெனக் கூட்டுறவு மோட்டார்ப் போக்குவரத்துச் சங்கங்களையும், நிலக் குடியேற்றக் கூட்டுறவுச் சங்கங்களையும் அமைக்க உதவியது. படையில் வண்டி ஓட்டியவன் ஊரில் பஸ் ஓட்டினான். சந்தா, பேரேடு, ஆண்டுப் பொதுக்கூட்டம், தீர்மானம் ஆகிய சங்க நடைமுறைகள் கிராமத்து வீரனுக்குப் பழக்கமானது இத்தகைய கூட்டுறவின் வழியாகவும்தான்.

திரும்பி வந்தவர்களுள் மற்றொரு சாரார் இருந்தனர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் வேலையும் உணவும் இழந்து தவித்தனர். பல்லாயிரவர் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1939 செப்டம்பரில் மதுரைக்கு வந்து சென்ற தலைவர் அவர். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவரை இங்கே வரவேற்றதைக் கண்டவர்களும் கேட்டவர்களும் மலேயாவில் இருந்தார்கள். போர்க்கைதிகளான சிப்பாய்கள் மட்டுமன்றி, துப்பாக்கியையே தொட்டறியாத தோட்டத் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். மருத்துவர் இலட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்களும் சேர்ந்தனர்.

1944 இல் இம்பால் போர்முனையில் தோல்வி நேர்ந்தது. 1945 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியர் இரங்கூனை விட்டு வெளியேறினர். நேதாஜியும் ஏப்ரல் 24 அன்று நகரை விட்டுப் புறப்பட்டார். நகரில் கொள்ளையும் கொலையும் நிகழாதபடி காக்கும் பொறுப்பைத் தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதனிடம் ஒப்படைத்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அவருடன் தங்கினர். மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தரப்பின் இந்திய டிவிஷன் ஒன்று கடல்வழியாக நகருக்குள் புகுந்தது. அதுவரை தெருக்களைக் காத்து நின்றவர்கள் கைதிகளாயினர். ஒரே நகரில், ஒரே மாதத்தில், காவல் நின்ற தமிழனும் கைது செய்ய வந்த படையிலிருந்த தமிழனும் எதிர்ப்பட்டனர். வைகைக் கரையில் அடுத்தடுத்த ஊர்களில் பிறந்தவர்களாகவும் அவர்கள் இருந்திருக்கலாம்.

1945 நவம்பரில் செங்கோட்டை வழக்குத் தொடங்கியது. ஷாநவாஸ்கான், சேகல், தில்லான் ஆகிய மூவருக்கும் அளிக்கப்பட்ட ஆயுள் தண்டனை, நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பின் காரணமாக 1946 ஜனவரியில் தள்ளுபடி செய்யப்பட்டது. காங்கிரசு மகாசபை இவ்வீரர்களுக்கென விசாரணை, உதவிக் குழு ஒன்றை அமைத்தது. எனினும் சுதந்திர இந்தியாவிலும் அவர்கள் இராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. படையின் கட்டுப்பாடு குலையும் என்பது 1948 இல் அரசு கூறிய காரணம். மலேயாவிலேயே படையில் சேர்ந்த தொழிலாளியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவனுக்கு எந்த அரசும் விடுவிப்புச் சான்று தரவில்லை. பட்டாளத்தான் என்று ஊரார் வாயளவில் அழைத்தார்கள். எந்த ஏட்டிலும் அவன் பெயர் இல்லை.

1949 ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7 ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. நீங்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் அச்சிறு கொடியின் காசு படைவீரர் குடும்பங்களுக்குச் செல்கிறது. 1964 இல் ஜெனரல் கரியப்பாவின் முயற்சியால் இந்திய முன்னாள் படைவீரர் லீக் என்னும் அகில இந்தியச் சங்கம் தோன்றியது. அரசின் வாரியத்துக்குப் பக்கத்தில் வீரர்களின் சொந்தக் குரலாக அது அமைந்தது. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு, சுதந்திரத்தின் வெள்ளிவிழா நாளான 1972 ஆகஸ்டு 15 முதல் மத்திய அரசு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியது. இந்திய தேசிய இராணுவத்தினரும் அதற்கு உரியவராயினர். 1980 இல் வருமான வரம்பு நீக்கப்பட்டுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. மனுச் செய்வதற்குக் கடைசி நாள் 1982 மார்ச் 31 என்று அறிவிக்கப்பட்டது. ஒரு சங்கம் எதற்காகப் பிறக்கிறது என்பதை நான் கண்ணாரக் கண்டது இவ்விடத்தில்தான்.

1981 தொடக்கத்தில், ஆசிரியப் பயிற்சி முடித்த சூட்டோடு, உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். படித்தவன் என்பதால் ஊரார் மனு எழுதிக்கொள்ள என்னிடம் வருவார்கள். ஒரு மாலையில் அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் வந்தார். மலேயாவில் பால்வெட்டியவர், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து இரங்கூனில் காவல் நின்றவர், அங்கேயே சிறைப்பட்டவர். நான் அரசாணையின் நகலை வைத்துக்கொண்டு வினா எழுப்பினேன்.

“என்று சிறைப்பட்டீர்கள் ஐயா?”

“மழை தொடங்குன நேரம், தம்பி.”

“தேதி வேண்டும். விடுதலையான தேதியும் வேண்டும். சிறைச்சாலைச் சான்று இருக்கிறதா?”

“காகிதம் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் நின்றவன் திருவாடானைக்காரன். வலப்பக்கம் நின்றவன் மேலூர்க்காரன். அது நல்லா ஞாபகம் இருக்கு.”

தேதியும் சான்றும் இல்லாமல் மனு நில்லாது என்று நான் தீர்ப்புக் கூறிவிட்டேன். ஆண்டு தெரியாதவனுக்கு வரலாற்றில் மதிப்பெண் இல்லை என்பது அன்று என் கொள்கை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து சென்றார்.

ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. 1982 பிப்ரவரியில் என் பள்ளிக்கு வேறொரு முதியவர் வந்தார். நிமிர்ந்த நடை, கையில் தோலுறையிட்ட நீண்ட கணக்கேடு. அவர் பிரிட்டிஷ் இந்தியப் படையின் போக்குவரத்துப் பிரிவில் வண்டியோட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்து முன்னாள் படைவீரர் சிலர் ஞாயிறுதோறும் ஒரு தேநீர்க்கடையின் பின்கட்டில் கூடுவார்கள். அச்சிறு கூட்டத்துக்கு அவரே செயலாளர். நான் திருப்பி அனுப்பிய பெரியவரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

“வாத்தியார் தம்பி, அந்த ஆணையை முழுக்கப் படிச்சீங்களா?” என்று கேட்டார்.

படித்ததாகச் சொன்னேன். அவர் தம் ஏட்டுக்குள் மடித்து வைத்திருந்த நகலை எடுத்து, அடுத்த பக்கத்தில் ஒரு பத்தியைச் சுட்டிக்காட்டினார். சிறைச் சான்று கிடைக்காதபோது, அதே சிறையில் உடனிருந்து, தகுதி மெய்ப்பிக்கப்பட்டவர்கள் தரும் சான்றினை ஏற்கலாம் என்று அதில் இருந்தது. நான் முதற்பக்கத்தோடு நின்றுவிட்டிருந்தேன். தலை குனிந்தேன் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

பிறகு அவர் ஏட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீரனின் பெயர், ஊர், படைப்பிரிவு, எண், சேவை செய்த இடம், கூட இருந்தவர்களின் பெயர், மனைவி மக்களின் பெயர் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அரசின் படையில் இருந்தவர்களுக்கு எண் இருந்தது. எண் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. தேசிய இராணுவத்தவர் சிலரும் அதே ஏட்டில் இருப்பதைக் கண்டு வியந்தேன்.

“நீங்கள் அந்தப் பக்கம், அவர்கள் இந்தப் பக்கம் அல்லவா ஐயா?” என்று கேட்டேன்.

“அந்த மே மாசம் நானும் இரங்கூன்லதான் இருந்தேன். எங்க வண்டி நகருக்குள்ள போனப்போ இவங்க தெருமுனையில காவல் நின்னுகிட்டிருந்தாங்க. ஒரு கடைகூட உடையலை. அதை நான் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லணுமா இல்லையா?” என்றார் அவர்.

அவருடைய சாட்சியம் உண்மையானது. ஆனால் விதிப்படி செல்லாது. உடன் சிறையிருந்தவர் வேண்டும். ஏட்டில் பெரியவரின் பக்கத்தில் ‘கூட இருந்தவர்’ என்னும் இடத்தில் அந்தத் திருவாடானைக்காரரும் மேலூர்க்காரரும் குறிக்கப்பட்டிருந்தார்கள். ஹவில்தாரும் பெரியவரும் பஸ் ஏறி இருவரையும் தேடிச் சென்றனர். மேலூர்க்காரர் காலமாகியிருந்தார். திருவாடானைக்காரர் உயிரோடு இருந்தார், ஓய்வூதியமும் பெற்றுக்கொண்டிருந்தார். தாம் அறிந்த மற்றொருவரையும் அவர் அழைத்துவந்தார். இரண்டு சான்றுகளும் கிடைத்தன. மார்ச் மாதக் கடைசி வாரத்தில், மத்திய அரசுக்கு ஒன்றும் மாநில அரசுக்கு ஒன்றுமாக இரண்டு மனுக்களை நானே என் கையால் எழுதினேன். அஞ்சலகத்தில் பதிவு செய்த சீட்டை ஹவில்தார் வாங்கி ஏட்டில் ஒட்டினார்.

ஆணை வருவதற்கு இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்கு முந்திய ஆடியில் பெரியவர் காலமாகிவிட்டார். குடும்ப ஓய்வூதியம் அவருடைய மனைவிக்குக் கிடைத்தது. நான் முதல்நாளே ஆணையின் மறுபக்கத்தைப் புரட்டியிருந்தால், அவர் தம் கையாலேயே வாங்கியிருக்கக்கூடும். அவ்வம்மையார் என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. பொங்கலுக்கு ஒரு படி பச்சரிசி கொடுத்தனுப்பினார். அந்த அரிசியை வாங்கிக்கொள்ள எனக்கு எளிதாக இருக்கவில்லை.

மாணவர்களே! இந்நிகழ்ச்சியிலிருந்து வரலாறு கற்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள. முன்னாள் படைவீரர் சங்கங்கள் அணிவகுப்புக்காகவும் ஆண்டுவிழாவுக்காகவும் தோன்றின என்று நாம் நினைக்கிறோம். அவை பின்னர் வந்தவை. ஒருவனுக்கு ஒருவன் சாட்சி சொல்வதே சங்கத்தின் முதல் வேலை. அரசின் ஏட்டில் இல்லாதவனை அவனுடன் நின்றவர்களின் நினைவு காப்பாற்றுகிறது. அந்நினைவும் மனிதரோடு அழிந்துபோகும். ஆகவே அதனை எழுதி வைக்க ஒரு பேரேடு வேண்டும். பேரேட்டைக் காக்க ஒரு செயலாளரும், அவர் உட்கார ஓர் இடமும், பஸ் செலவுக்குச் சிறிது பணமும் வேண்டும். இப்படித்தான் ஒரு கிளை பிறக்கிறது. டிக்கேட்டரில் பிறந்ததும் இப்படித்தான். தேநீர்க்கடையின் பின்கட்டில் பிறந்ததும் இப்படித்தான்.

இரண்டாவதாக, பெரியவருக்குத் தேதி தெரியவில்லை. ஆனால் யார் அருகே நின்றோம் என்பது தெரிந்திருந்தது. தேதி தெரிந்த எனக்கு அம்மனிதரைத் தெரியவில்லை. வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும். தேதியை மட்டும் கேட்பவன் பலரது வாழ்க்கையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். நினைவை மட்டும் நம்புபவன் பிழையைச் சுமப்பான். அந்த ஹவில்தார் நினைவைக் கேட்டு எழுதி, எழுதியதை மற்றொருவரிடம் சரிபார்த்து, அதன் பிறகே ஏட்டில் ஏற்றினார். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காத அவர், வரலாற்றாசிரியனின் வேலையை முறையாகச் செய்தவர்.

மூன்றாவதாக, எதிரெதிர் அணியில் நின்றவர்கள் ஒரே ஏட்டில் இடம்பெற்றதை எண்ணிப் பாருங்கள். யார் செய்தது சரி என்று அவர்களுக்குள் வாதம் நடக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வாதம் தேநீர் ஆறும் வரையில் நடந்ததை நானே கேட்டிருக்கிறேன். ஆயினும் ஒருவனுடைய விதவை பட்டினி கிடக்கும்போது அவ்வாதம் ஒத்திவைக்கப்பட்டது. இரங்கூனுக்கு அருகிலுள்ள தாவுக்யானில், கல்லறை அறியப்படாத இருபத்தேழாயிரம் பேரின் நினைவாக ஒரு மண்டபம் நிற்கிறது. அரசின் படையில் இருந்தவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. எதிரணியில் இறந்த நம்மவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. அவர்களுள் சிலருக்காவது ஒரு தேநீர்க்கடைப் பேரேட்டில் இடம் கிடைத்தது.

இன்று மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது. 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களிலும், இலங்கையிலும், கார்கிலிலும் பணிபுரிந்து திரும்பியவர்கள் நம் ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு எண்ணும் சான்றும் ஓய்வூதியமும் உண்டு. ஆனால் அவர்கள் கண்டதையும், அருகே நின்றவர்களின் பெயரையும் கேட்டு எழுதுவார் அரியர். இரண்டாம் உலகப்போரில் பணிபுரிந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பெட்டியடியில் ஒரு விடுவிப்புப் புத்தகமோ, ஒரு பதக்கமோ, மங்கிய புகைப்படமோ இருக்கக்கூடும். அடுத்த கொடிநாளில் காசு கொடுப்பதோடு நில்லாமல், உங்கள் தெருவில் திரும்பி வந்தவர் யார் என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். முதலில் அவர் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். தேதியைப் பின்னர்த் தேடிக்கொள்ளலாம்.

ஹவில்தார் 1991 இல் மறைந்தார். அப்போது அந்த ஏட்டில் எழுதுவதற்கு நான்கு பக்கங்களே மீதி இருந்தன. அவருடைய பெயர் மட்டும் அதில் எங்கும் இல்லை. தம் பெயரை எழுதிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை போலும். மீந்த பக்கங்களுள் முதலாவதில், ஊர், பிரிவு, எண், சேவை செய்த இடம் என்னும் அவருடைய வரிசைப்படியே, நான் அவர் பெயரை எழுதினேன். ‘கூட இருந்தவர்’ என்னும் இடத்துக்கு வந்ததும் சற்றே தயங்கினேன். பின்பு அந்தப் பெரியவரின் பெயரை அங்கே எழுதினேன்.